வண்டு என்னும் வண்டி

மாணவ நண்பர்களே, போலந்து என்ற நாட்டைப் பற்றி நம் பாடநூல்களில் நீங்கள் படித்திருப்பவை மிகச் சில. வானநூல் வல்லார் கோப்பர்னிக்கசும், ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையாரும் அந்நாட்டில் பிறந்தவர்கள். 1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அண்டை வல்லரசுகள் அந்நாட்டைக் கூறுபோட்டுக் கொண்டன. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஹிட்லரின் படை அதன் எல்லையைக் கடந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. இவ்வளவே பெரும்பாலும் நாம் அறிந்தது. அரசர்களையும் போர்களையும் மேதைகளையும் பற்றி எழுதும் நூல்கள், அந்நாட்டுக் குழந்தைகளின் வீட்டுக்குக் காலையில் பால் எதில் வந்தது, ரொட்டி எதில் வந்தது, கிராமத்துக் கோசுக்கீரையும் உருளைக்கிழங்கும் நகரத்துச் சந்தைக்கு எதில் போயின என்று சொல்வதில்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் போக்கும் எண்ணத்துடன் இன்று ஒரு சாதாரணச் சரக்கு வண்டியின் கதையை உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

அவ்வண்டியின் பெயர் 'ஜூக்'. போலிஷ் மொழியில் அப்பெயரின் முதல் ஒலியை ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடைப்பட்டதாக ஒலிப்பர். அதன் பொருள் வண்டு என்பது. வண்டு, வண்டி என்னும் இரு சொற்களும் தமிழில் ஓர் உயிரெழுத்தளவே வேறுபட்டு நிற்பது தற்செயலே என்றாலும், நமக்கு அப்பெயர் மனத்தில் பதிய அது உதவும் அன்றோ? பருத்த முகமும், குட்டையான உடலும், முனகிக்கொண்டே செல்லும் இயந்திர ஒலியும் உடைய அவ்வண்டியைப் பார்த்தோர், பெயர் பொருத்தமானதே என்பர்.

கதையைப் போர் முடிந்த நாளிலிருந்து தொடங்குவதே முறை. அப்போரில் போலந்து தன் குடிமக்களில் ஏறத்தாழ 60 லட்சம் பேரை இழந்தது. அவர்களுள் பாதிப்பேர் யூதர்கள். தலைநகரமாகிய வார்சா திட்டமிட்டு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நாட்டின் கிழக்கே உள்ள லூப்ளின் நகரம் 1944 ஜூலையில் விடுதலை பெற்றபோது, அதன் புறநகரில் மைதானெக் என்னும் கொலைமுகாமின் எஞ்சிய சான்றுகளை உலகம் கண்டு நடுங்கியது. இந்த லூப்ளினே நம் வண்டி பிறந்த ஊர். போருக்கு முன்னரே, 1930-களின் இறுதியில், ஒரு போலந்து நிறுவனம் அமெரிக்க செவ்ரோலே லாரிகளைச் செய்வதற்காக அங்கு ஒரு தொழிற்சாலை எழுப்பத் தொடங்கியிருந்தது. சுவர்கள் எழும்பின, போர் வந்தது, வேலை நின்றது. ஆகவே லூப்ளின் மக்களுக்கு மோட்டார்த் தொழில் என்பது பாதியில் கலைந்த கனவாகவே இருந்தது எனலாம்.

போருக்குப் பின் அமைந்த பொதுவுடைமை அரசு முதலில் இத்தாலிய நாட்டு ஃபியட் நிறுவனத்தோடு சிறு கார் செய்யப் பேச்சு நடத்தி உடன்பாடும் கண்டது. அதற்குள் மேற்கும் கிழக்கும் பனிப்போரில் பிரிந்துவிட்டன. இத்தாலியர்களோடு கொண்ட உடன்பாடு ஏட்டளவில் நின்றுபோயிற்று. சோவியத் நாடு தன் 'பொபேதா' என்னும் காரின் வரைபடங்களையும் உரிமையையும் போலந்துக்கு அளித்தது. பொபேதா என்றால் வெற்றி என்பது பொருள். வார்சாவில் ஜெரான் என்னும் பகுதியில் நிறுவிய ஆலையில் அதே கார் 'வர்ஷாவா' என்னும் பெயரோடு 1951 நவம்பர் 6-ஆம் நாள் வெளிவந்தது. மறுநாள், நவம்பர் 7 அன்று, லூப்ளின் தொழிற்சாலையில் சோவியத் லாரி ஒன்றின் மறுபதிப்பான 'லூப்ளின்-51' வெளிவந்தது. அந்த நாள் ரஷ்யப் புரட்சியின் ஆண்டு விழா நாள் என்பதை நினைவிற்கொண்டால், இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்த நாட்களில் பிறந்ததன் காரணம் தானே விளங்கும்.

இங்கே ஒரு பொருளாதாரச் செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். லூப்ளின்-51 லாரி இரண்டரை டன் சுமக்கக் கூடியது. நிலக்கரிக்கும் செங்கல்லுக்கும் அது ஏற்றது. ஆனால் இருபது பால் கேன்களையும், நூறு ரொட்டிகளையும், தபால் மூட்டைகளையும் கொண்டுபோக இரண்டரை டன் லாரி எதற்கு? யானையைக் கட்டி உலக்கை சுமக்கச் சொல்வது போலாகும். போலந்து நாட்டின் வேளாண்மையும் சிறு அளவினதே. மற்றப் பொதுவுடைமை நாடுகள் பெரும்பாலானவற்றில் நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக மாறின. போலந்தில் அம்முயற்சி உழவர்களின் எதிர்ப்பால் தோல்வியுற்றது. 1956-ஆம் ஆண்டு அக்டோபரில் கோமுல்கா ஆட்சிக்கு வந்தபின் பெரும்பாலான கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. நாட்டின் விளைநிலத்தில் முக்கால் பங்குக்கு மேற்பட்டது சிறு உழவர் கையிலேயே நின்றது. சிறு நிலம், சிறு விளைவு, சிறு சுமை. அச்சுமையைக் குதிரை வண்டிகள் சுமந்தன. நகரம் வளர வளரக் குதிரை வண்டி போதவில்லை. ஒரு டன் அளவில் சுமக்கும் சிறு மோட்டார் வண்டி இன்றியமையாததாயிற்று.

அதனைப் புதிதாகப் படைக்கப் பணமில்லை. புதிய இயந்திரம் ஒன்றை வரைந்து, வார்த்து, கடைந்து, சோதித்து எடுக்க ஆண்டுகள் பலவும் செல்வம் மிகுதியும் வேண்டும். லூப்ளின் ஆலையின் பொறியியலார் ஸ்டானிஸ்வாவ் டான்ஸ்கியின் தலைமையில் ஒரு குழு சிக்கனமான வழியைத் தேர்ந்தது. வர்ஷாவாக் காரின் இயந்திரம், கியர்ப்பெட்டி, முன்சக்கரத் தொங்கல், பின் அச்சு ஆகிய உறுப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டனர். அவற்றை ஏணி போன்ற ஒரு வலிய இரும்புச் சட்டத்தில் பொருத்தினர். காரில் மூக்குப்போல் முன்னே நீண்டிருந்த இயந்திரத்தை, ஓட்டுநருக்கும் அவர் பக்கத்தில் அமர்பவருக்கும் நடுவே அறைக்குள் கொண்டுவந்து ஒரு மூடியால் மறைத்தனர். இதனால் வண்டியின் மொத்த நீளத்தில் பெரும்பகுதி சரக்குக்குக் கிடைத்தது. முதல் வகைகள் 900 கிலோ சுமந்தன. 1950-களின் முடிவில் வண்டி வெளிவரத் தொடங்கியது. 1959-ஆம் ஆண்டோடு லூப்ளின்-51 லாரியின் உற்பத்தி ஏறத்தாழ 17,000 வண்டிகளில் முடிந்துவிட, ஆலையின் முழு உழைப்பும் நம் வண்டுக்கே ஆயிற்று.

இயந்திரம் அறைக்குள் இருப்பதன் நன்மை தீமைகளை ஓட்டுநர்கள் நன்கறிவர். போலந்தின் குளிர்காலத்தில் நீர் உறையும் நிலைக்குப் பல பாகை கீழே வெப்பம் இறங்கும். அப்போது அந்த மூடி ஓர் அடுப்பாகப் பயன்பட்டது. கோடையில் அதே அடுப்பை அணைக்க வழியில்லை. இரைச்சலுக்கோ எப்பருவத்திலும் பரிகாரமில்லை.

வண்டியின் தகட்டில் அழுத்தியெடுத்த வரிகள் பல இருந்ததைப் படங்களில் பார்க்கலாம். அழகுக்காக என்று நினைக்க வேண்டா. ஒரு தபால் அட்டையை எடுத்து இரு புத்தகங்களின் மேல் பாலம் போல் வைத்து, நடுவே ஒரு சிறு நாணயத்தை வையுங்கள், அட்டை வளையும். அதே அட்டையை விசிறி போல மடித்து வைத்தால் பல நாணயங்களைத் தாங்கும். மெல்லிய தகட்டுக்கு வரிகள் தரும் வலிமை இதுவே. எஃகுத் தட்டுப்பாடு மிகுந்த நாட்டில் இத்தகைய சூழ்ச்சிகளே பொறியியலாரின் செல்வம்.

இனி அவ்வியந்திரத்தின் குலமுறையைச் சிறிது கிளறிப் பார்ப்போம். வரலாறு எவ்வளவு விசித்திரமானது என்பது அங்கே தெரியும். அமெரிக்காவில் டாட்ஜ் நிறுவனம் 1930-களில் செய்த ஆறு சிலிண்டர் இயந்திரம் ஒன்றைச் சோவியத் பொறியியலார் மாதிரியாகக் கொண்டு தம் நாட்டில் ஓர் இயந்திரம் செய்தனர். அதிலிருந்து இரண்டு சிலிண்டர்களைக் குறைத்து நான்காக்கிப் பொபேதாக் காரில் வைத்தனர். அது வார்சாவுக்கு வந்து வர்ஷாவாவில் ஏறியது. அங்கிருந்து லூப்ளினுக்கு வந்து வண்டின் வயிற்றில் அமர்ந்தது. முதலாளித்துவ நாட்டில் கருவாகி, இரு பொதுவுடைமை நாடுகளில் வளர்ந்த இயந்திரம் அது. அரசியல்வாதிகள் எல்லைக்கோடுகளில் முள்வேலி இடலாம். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் கட்சி கிடையாது.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. அவ்வியந்திரத்தின் சிலிண்டர் விட்டம் 82 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 100 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு எவ்வளவு? வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கி நான்கால் பெருக்கினால் 2,100 கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். இவ்வளவு பெரிய இயந்திரம் தந்த ஆற்றல் எவ்வளவு என்றால் 50 குதிரைத்திறன் மட்டுமே. இன்று இதில் பாதிக் கொள்ளளவுள்ள கார் இயந்திரங்கள் அதனினும் மிகுதியான ஆற்றல் தருகின்றன. காரணம் என்ன?

பழைய இயந்திரத்தில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நின்றன. அதனால் பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும் அறை, மேலே மட்டும் அமையாமல் பக்கவாட்டில் ஒரு பொந்து போலப் பரவியிருந்தது. பொந்துள்ள அறையில் கலவையை நெருக்கி அழுத்த முடியாது. அழுத்தம் குறைந்தால் எரியும் வேகத்தின் பயனும் குறையும். பின்னர் வார்சாவின் பொறியியலார் அதே இயந்திரத்தின் அடிப்பகுதியை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றினர். வால்வுகள் சிலிண்டரின் உச்சியில் தொங்கின. எரியறை சுருங்கிச் செறிந்தது. அதன் பெயர் எஸ்-21. கொள்ளளவில் பெருமாற்றமில்லை; ஆற்றல் மட்டும் 70 குதிரைத்திறனாயிற்று. ஐந்தில் இரு பங்கு ஆற்றல் கூடுதலாகக் கிடைத்ததற்கு விலை, ஒரு தலையும் சில தண்டுகளும். 1960-களில் இது வர்ஷாவாவிலும், பின்னர் வண்டிலும் ஏறியது. இத்துணைச் சிறு மாற்றத்தால் இத்துணைப் பெரும் பயன் விளைந்ததை எண்ணும்போது, அந்தப் பொறியியலார்களிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை என்பது தெளிவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வண்டுக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. போருக்கு முன் ஜெர்மனியின் கையில் இருந்து 1945-இல் போலந்தைச் சேர்ந்த தென்மேற்கு ஊர் நிசா. அவ்வூரிலும் வர்ஷாவாவின் உறுப்புகளைக் கொண்டே ஒரு வண்டி செய்தனர். ஊரின் பெயரையே அதற்கும் இட்டனர். நிசா வண்டி உருண்ட உடலும் கண்ணாடிச் சாளரங்களும் உடையது. ஆகவே மனிதரை ஏற்றும் வேலை அதன் பங்காயிற்று. நோயாளிகளை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் வண்டிகளில் பெரும்பாலானவை நிசாக்கள். வண்டோ மூட்டையையும் முடிச்சையும் சுமந்தது. திறந்த முதுகுடையது, தார்ப்பாய்க் கூரையுடையது, முழுதும் தகட்டால் மூடியது, தபால் ஏற்றுவது, தீயணைப்பது என அதன் வகைகள் பலவாயின. ஒரே சட்டத்தின்மேல் வேண்டிய உடலை மாற்றி மாற்றிப் பொருத்தலாம் என்பதே இதற்கெல்லாம் அடிப்படை. எகிப்து நாட்டுக்கு உறுப்புகளாகச் சென்று அங்கே கோக்கப்பட்டு 'ராம்சீஸ்' என்னும் பழம்பெரும் மன்னன் பெயரோடும் வண்டு உலவியது. சோவியத் நாட்டுக்கும் ஏற்றுமதியாயிற்று.

போலந்தின் தொழிலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டுச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள், போலந்தின் கெல்த்சே நகரத்து மோட்டார் சைக்கிளை மாதிரியாகக் கொண்டு 1960-களில் இங்கே செய்யத் தொடங்கியதே. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் தொடக்ககால டிராக்டர்களும் போலந்தின் உர்சுஸ் டிராக்டர்களின் வழிவந்தவை. பால்காரர் தம் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டுச் சென்ற அந்த ராஜ்தூத்தையும் லூப்ளினின் வண்டையும் ஒருவகையில் ஒரே நாட்டுக் கைவேலை எனலாம்.

போகட்டும். வண்டின் கதையில் இனி வருவது மகிழ்ச்சியானதன்று.

வர்ஷாவாக் காரின் உற்பத்தி 1973 மார்ச்சில் முடிந்தது. மொத்தம் 2,54,471 கார்கள். அதற்குள் ஃபியட் நிறுவனத்தோடு 1965-இல் செய்துகொண்ட புதிய உடன்பாட்டின்படி, 1967 முதல் 'போல்ஸ்கி ஃபியட்' கார்கள் வார்சாவில் வெளிவந்துகொண்டிருந்தன. 1973-இல் அதனினும் சிறிய ஃபியட் காரும் வந்தது. நாட்டின் முதலீடும் அந்நியச் செலாவணியும் அவ்வழியே சென்றன. தாய் மறைந்தாள், ஆனால் அவள் உறுப்புகளால் ஆன பிள்ளை மேலும் 25 ஆண்டுகள் வாழ வேண்டியதாயிற்று. எஸ்-21 இயந்திரத்தை வண்டுக்காகவும் நிசாவுக்காகவும், போஸ்னான் நகரில் உழவர்களுக்காகச் செய்த 'தார்ப்பான்' வண்டிக்காகவும் மட்டுமே தொடர்ந்து வார்த்துக்கொண்டிருந்தனர். வண்டுக்கு வாரிசாகப் புதிய வண்டிகளை லூப்ளின் பொறியியலார் வரைந்தனர், மாதிரிகளும் செய்தனர். ஒவ்வொன்றும் மேலிடத்தின் ஒப்புதலுக்குச் சென்று, அங்கேயே தங்கிவிட்டது.

இதைப்பற்றி இரு கருத்துகள் உண்டு. எளிய வண்டி, யாரும் பழுது பார்க்கலாம், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், ஆகவே நீண்டகாலம் செய்தது நன்றே என்பர் ஒருசாரார். முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு நானும் இதனை ஒப்புவேன். இல்லாமையின் நடுவே இருப்பதைக் கொண்டு சமைத்த சமையல் அது, பாராட்டத்தக்கது. ஆனால் 1970-களிலும் 80-களிலும் அதே இலையில் அதே சோற்றைப் பரிமாறியதற்குச் சிக்கனம் என்று பெயரிட முடியாது. பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் இயந்திரத்தைச் சரக்கு வண்டியில் வைத்து நாடெங்கும் ஓட்டுவதில் சிக்கனம் எங்கே இருக்கிறது? போட்டி இல்லாத சந்தையில் வாங்குவோன் வரிசையில் நிற்கிறான், கேட்க ஆளில்லை. தலையை மாற்றி ஐந்தில் இரு பங்கு ஆற்றலைக் கூட்டிக் காட்டிய அறிவாளிகள் அந்த ஆலைகளில் இருந்தார்கள் என்று முன்னரே சொன்னேன். அறிவு ஆலையில் இருந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. இடர்ப்பாட்டின் வேர் அதுவே என்பது என் துணிபு.

இதே நிலையைத் தொழிலாளர்கள் தம் சோற்றுத் தட்டில் கண்ட நாளும் வந்தது. 1980 ஜூலை முதல் நாள் அரசு, தொழிற்சாலை உணவகங்களில் இறைச்சியின் விலையை உயர்த்தியது. லூப்ளினுக்கு அருகே ஸ்விட்னிக் என்னும் ஊரில் ஹெலிகாப்டர் செய்யும் ஆலை ஒன்று உண்டு. ஜூலை 8 அன்று அங்கே உணவு இடைவேளையில் தொழிலாளர்கள் பார்த்தபோது, பன்றி இறைச்சி வறுவலின் விலை 10 ஸ்வாத்தி 20 குரோஷிலிருந்து 18 ஸ்வாத்தி 10 குரோஷாக ஏறியிருந்தது. ஸ்வாத்தி என்பது அந்நாட்டு நாணயம். அவர்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தனர். சில நாட்களுக்குள் லூப்ளினில் பல ஆலைகள் நின்றன. அவற்றுள் நம் வண்டு பிறக்கும் ஆலையும் ஒன்று. பல்லாயிரம் கைகள் கட்டிய நிலையில் நின்றன. பின்னர் ரயில்வேத் தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ளவே, கிழக்கு எல்லைக்குச் செல்லும் அந்தச் சந்திப்பு ஊரில் ரயில்கள் அசையவில்லை.

இவ்வேலைநிறுத்தத்தில் நீங்கள் கவனிக்கத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. 1956-இல் போஸ்னானிலும், 1970-இல் பால்டிக் கடற்கரை நகரங்களிலும் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியபோது துப்பாக்கி பேசியது, மாண்டவர் பலர். அந்த நினைவு லூப்ளின் மக்களுக்கு இருந்தது. அவர்கள் தெருவுக்கு வரவில்லை. ஆலை வளாகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, தம்முள் பேராளர்களைத் தேர்ந்தெடுத்து, கோரிக்கைகளை எழுதி நீட்டினர். நிர்வாகத்தாரும் வேறு வழியின்றி எழுத்திலேயே உடன்பட்டுக் கையொப்பமிட்டனர். தொழிலாளர் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசின் அலுவலர்கள், தொழிலாளரோடு ஒரே மேசையில் அமர்ந்து காகிதத்தில் கையொப்பமிட்டது அந்நாட்டில் புதிது. லூப்ளின் அமைதியடைந்த மூன்று வாரங்களுக்குள் கதான்ஸ்க் நகரக் கப்பல் தளத்தில் லேக் வலேசாவின் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆகஸ்டு 31-ஆம் நாள் அரசு தனித் தொழிற்சங்க உரிமையை ஒப்புக்கொண்டது. 'சாலிடாரிட்டி' என்று உலகம் அறிந்த இயக்கம் அவ்வாறு பிறந்தது. கதான்ஸ்க்கை எல்லா நூல்களும் கூறும். அதற்கு முன் லூப்ளின் வழிகாட்டியதைச் சில நூல்களே கூறும்.

1981 டிசம்பர் 13 அன்று நாட்டில் இராணுவச் சட்டம் பிறந்தது; சாலிடாரிட்டியின் செயல்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாகச் சிறைபுகுந்தனர். அந்நாளில் காவலர்கள் ஏறிவந்த வண்டிகளில் நீல நிற நிசாக்கள் மிகுதி. ஆம்புலன்சாக நோயாளியைத் தாங்கிய அதே நிசா, கைதியையும் தாங்கியது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவன் மருத்துவமனையிலும் ஒருவன் சிறைச்சாலையிலும் ஒருவன் சந்தையிலும் வேலை பார்ப்பது போல, வர்ஷாவாவின் வழிவந்த வண்டிகள் அந்நாட்டு வாழ்வின் எல்லா மூலைகளிலும் நின்றன. அக்காலத்துப் போலந்தில் வாழ்ந்த முதியவர்களுக்கு இவ்வண்டிகளின் ஒலி இனிய நினைவையும் கசந்த நினைவையும் சேர்த்தே எழுப்புவதில் வியப்பில்லை.

அக்கடுமையான ஆண்டுகளிலும் வண்டுகள் ஓடின. கடைகளில் பொருளில்லை, இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் பங்கீட்டுச் சீட்டு. நகரங்களைச் சுற்றிக் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியும் பூவும் வளர்த்த தனியார் தோட்டக்காரர்கள் மட்டும் ஓரளவு செழிப்பாய் இருந்தனர். அவர்களிடம் ஒரு வண்டு இருந்தால் விடியுமுன் சந்தைக்கு வந்துவிடலாம்.

1989-இல் ஆட்சி மாறியது. எல்லை திறந்தது. மேற்கு நாடுகளிலிருந்து பழைய வண்டிகள் உள்ளே வந்தன. பத்தாண்டு ஓடிய ஜெர்மானிய வண்டி, புதிய வண்டைவிடக் குறைவாகக் குடித்து, அமைதியாக ஓடியது. வாங்குவோர் முதன்முறையாக ஒப்பிட்டுப் பார்த்தனர். முப்பது ஆண்டுகளாக ஒத்திவைத்த கணக்கு ஒரே நாளில் தீர்க்க வந்தது. கணக்கைத் தவறவிட்டவர்கள் அமைச்சகங்களில் இருந்தவர்கள். அதைத் தீர்த்தவர்கள் வேலையிழந்த தொழிலாளர்கள். நிசா ஆலையில் 1994-இல் வண்டி உற்பத்தி முடிந்தது; அதுவரை 3,80,000-க்கு மேற்பட்ட நிசாக்கள் வெளிவந்திருந்தன. லூப்ளினில் 1993-இல் புதிய வண்டி ஒன்று, ஊரின் பெயரையே தாங்கி, டீசல் இயந்திரத்தோடு வந்தது. டான்ஸ்கியின் காலத்தில் பள்ளிக்குப் போன சிறுவர்கள் நடுவயதை எட்டியபோதுதான் வண்டுக்கு வாரிசு கிடைத்தது!

புதியது வந்தபின்னும் பழையது உடனே நிற்கவில்லை. விலை குறைவு என்பதால் வாங்குவோர் சிலர் இருந்தனர். ஆந்திரிகூவ் ஊரில் செய்த டீசல் இயந்திரத்தை அதிலும் வைத்துப் பார்த்தனர். 1995-இல் ஆலையைத் தென்கொரிய நாட்டு தேவூ நிறுவனம் எடுத்துக்கொண்டது. இவ்வாறாக, அமெரிக்கக் குலத்தில் உதித்து, ரஷ்யாவில் உருப்பெற்று, போலந்தில் வாழ்ந்த வண்டி, கொரியர் உரிமையில் தன் இறுதி நாளை எதிர்கொண்டது. 1998 பிப்ரவரி 13-ஆம் நாள் கடைசி வண்டு ஆலையை விட்டு வெளியேறியது. எண்ணிக்கை ஏறத்தாழ 5,87,500. வர்ஷாவாவைப்போல் இரு மடங்குக்கும் மேல். பெற்றவளை விட மிகுதியாகவும் நெடுநாளும் உழைத்த பிள்ளை. அக்கொரிய நிறுவனமும் இரண்டொரு ஆண்டுகளில் பெருங்கடனில் வீழ்ந்தது. லூப்ளின் ஆலை மீண்டும் கைமாறித் தவித்தது.

சாலைகளிலிருந்து வண்டுகள் மெல்ல மறைந்தன. அவை நெடுநாள் தங்கிய இடம் ஒன்று உண்டு. போலந்தின் கிராமங்களில் ஊரார் தாமே விரும்பிச் சேர்ந்து நடத்தும் தீயணைப்புக் குழுக்கள் மிகப் பல. உழவரும், தச்சரும், ரொட்டிக்காரரும் சங்கு ஊதியவுடன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தீயணைக்கச் செல்வர். அக்குழுக்களுக்குக் கிடைத்த வண்டி பெரும்பாலும் சிவப்பு நிற வண்டே. உள்ளே ஆட்கள் அமர இடமும், நீரிறைக்கும் பம்பும், சுருட்டிய குழாய்களும், மேலே ஏணியும் உண்டு. கிராமத்தில் நாள்தோறும் தீப்பற்றுவதில்லை. ஆகையால் அவ்வண்டிகள் ஆண்டில் சில நூறு கிலோமீட்டரே ஓடின. ஓடாத நாட்களில் ஊரார் அவற்றைக் கழுவித் துடைத்துக் கொட்டகையில் நிறுத்தினர். பழைய வண்டிகளைச் சேர்ப்போர் இன்று நல்ல நிலையிலுள்ள வண்டு வேண்டுமென்றால் சந்தைகளில் தேடுவதில்லை. ஏதேனும் ஒரு கிராமத்துத் தீயணைப்புக் கொட்டகையின் கதவைத் தட்டுகிறார்கள்.